உங்கட கதிரை எது?

ஒரு வீட்டுக்குள் புதிதாக வருகிறவர்கள் முதலில் எதைப் பார்ப்பார்கள்? சிலர் சாமிப் படத்தைப் பார்ப்பார்கள். சிலர் புதிதாக வாங்கிய கலர் டீவியைப் பார்ப்பார்கள். கயானா அக்கா கதிரைகளைப் பார்ப்பார்.

எங்கள் வீட்டுக்கு அவர் முதல் தரம் வந்தது ஒரு சனிக்கிழமை. எழுபதுகளின் நடுப்பகுதி அது. மெல்பேர்ணின் மேற்குப் பக்கம், சன்ஷைனில், ஒரு பலகை வீட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர், நான் "இருங்கோ, இருங்கோ" என்று கையைக் காட்டியும் இருக்கவில்லை. சாப்பாட்டு மேசையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து,

"உங்கட கதிரை எது?" என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை. "எல்லாம் எங்கட கதிரைதான் அக்கா."

"அது சரி. நீங்கள் இருந்து சாப்பிடுறது எதிலை?"

நான் மேசையைப் பார்த்தேன். தலைமாட்டில் இருப்பது என் வீட்டுக்காரருடையது. யன்னல் பக்கம் பெரியவனுடையது, சுவர்ப் பக்கம் சின்னவளுடையது. மற்றது வருகிற ஆட்களுக்கு. நான் எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடி சோற்றுக் கோப்பையைக் கையில் ஏந்திச் சாப்பிடுகிறவள். அதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. ஒருவரும் என்னை நிற்கச் சொன்னதும் இல்லை.

"நீங்கள் இருந்தால்தான் நானும் இருப்பன்" என்று அவர் அப்படியே நின்றார்.

என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்தார். தன் கதிரையை இழுத்து என் பக்கம் விட்டார். "இஞ்சரப்பா, இரும். அவ நிண்டுகொண்டெல்லே இருக்கிறா" என்றார். நான் இருந்தேன். அக்காவும் இருந்தார். தேத்தண்ணியை அன்றைக்கு இவர்தான் ஊற்றினார். சீனி கூடிப்போச்சு.

ஒன்றை முதலே சொல்லிவிட வேண்டும். அக்கா பேசியது ஆங்கிலம். பாட்டு மாதிரி ஏறி இறங்குகிற ஆங்கிலம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். அதனால் அவர் சொன்னதெல்லாம் இங்கே என் தமிழில்தான் வரும். அவருக்குத் தெரிந்த தமிழ் கொஞ்சம்தான். மாரியம்மன் பாட்டுகள் சில, பொருள் தெரியாமல் பாடமாக்கியவை. எங்கள் வீடுகளுக்கு வந்து போய்ப் பழகியதில் ஒரு சொல் படித்தார். எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலில் கேட்கிற சொல். "இருங்கோ." அதை அவர் சொல்லும்போது இங்கே வந்து குந்து என்று ஒரு தாய் பிள்ளையைக் கூப்பிடுவது போல இருக்கும்.

கயானா என்பது தென்னமெரிக்காவின் வடக்குக் கரையில் இருக்கிற நாடு. மேற்கிந்திய அணியில் கிரிக்கெட் விளையாட ஆட்களைக் கொடுக்கிற நாடு. அக்காவின் பூட்டனாரைக் கரும்பு வெட்டவென்று மதராசிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுபோனார்களாம். குடும்பப் பெயர் சுத்தமான தமிழ்ப் பெயர், வெள்ளைக்காரன் எழுதி எழுதி வளைத்து வைத்திருந்தான். முகமும் எங்கள் முகம். பஸ் தரிப்பில் எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் அவரைக் கண்டவுடன் "அக்கா எந்த ஊர்? வட்டுக்கோட்டைப் பக்கமோ?" என்று தொடங்கிவிடுவார்கள். அவர் சிரித்துக்கொண்டு தலையை ஆட்டுவார். அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. கூட இருந்த பெண்களை விட்டுவிட்டுத் தன் பெயரை மட்டும் யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும்.

மேற்கிந்தியா என்றதும் எங்கள் ஆண்களுக்குக் கிரிக்கெட்தான். அந்தக் கோடையில் அவர்கள் அணி இங்கே வந்து விளையாடிக்கொண்டிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமைப் பிரார்த்தனை முடிந்து கடலை சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம் மாஸ்ரர் அங்கிள், ஊரில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு மகனோடு வந்திருந்தவர், அக்காவிடம் கேட்டார்.

"உங்கட பெடியள் என்ன அடி அடிக்கிறாங்கள்! நீங்கள் பாக்கப் போறேல்லையோ?"

அக்கா கடலையை மென்று விழுங்கினார். "நான் எங்கட ஆம்பிளையள் அடிக்கிறதைச் சின்ன வயசிலையிருந்து பாக்கிறன் சேர். மைதானத்திலை அடிச்சால் நீங்கள் கை தட்டுறியள். வீட்டை வந்து அடிச்சால் கதவைச் சாத்துறியள்."

மாஸ்ரர் அங்கிளுக்குப் புரையேறிவிட்டது. அவருடைய மனைவி, மாஸ்ரர் அன்ரி, தண்ணீர் எடுக்க ஓடினார்.

நானும் அக்காவும் சந்தித்தது ஒரு தையல் தொழிற்சாலையில். பள்ளிக்கூட யூனிபோம் தைக்கிற இடம். கிரேக்கப் பெண்கள், இத்தாலியப் பெண்கள், யூகோஸ்லாவியப் பெண்கள், நடுவில் நான். அடுத்த மெசினில் அக்கா. தலையில் ஒரு பூப்போட்ட துணியைக் கட்டியிருப்பார். கையில் ஒரு பித்தளைக் காப்பு. மெசின் ஓடும்போது அது தட்டில் பட்டு டிங் டிங் என்று ஒலிக்கும்.

ஒருநாள் அந்த டிங் டிங் நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். அக்கா தன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார். நேரே மனேஜரின் அறை வாசலுக்குப் போய், அதைப் போட்டு, அதில் இருந்து, கையோடு கொண்டுபோன சட்டைக்குப் பொத்தான் தைக்கத் தொடங்கினார். கதவைத் திறந்தால் அவர்மேல் இடறித்தான் வெளியே வரலாம்.

"என்ன வேணும்? மெசினுக்குப் போ" என்று மனேஜர் கத்தினார்.

"போறன். அந்தக் கிரேக்கப் பிள்ளையிலை இனிக் கை வைக்கமாட்டன் எண்டு உங்கட சுப்பவைசர் இதிலை நிண்டு சொல்லட்டும். சொன்னவுடனை போறன்."

அந்தப் பிள்ளை கழிப்பறையில் அழுததை நாங்கள் எல்லாரும் கேட்டிருந்தோம். ஒவ்வொரு மெசினாக நிற்கத் தொடங்கியது. தொழிற்சாலை ஓடும் சத்தத்தில் நான் ஒருநாளும் பயந்ததில்லை. அது நின்றபோதுதான் பயந்தேன். அம்பாளே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு என் ஸ்டூலையும் தூக்கினேன். அந்தச் சுப்பவைசரை ஸ்டோருக்கு மாற்றினார்கள், வேலையால் நிற்பாட்டவில்லை. "இவ்வளவு காணாது" என்றார் அக்கா. "ஆனா எங்களுக்கு எழும்பத் தெரியும் எண்டு இப்ப அவனுக்குத் தெரியும்."

இந்தக் கதிரைப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அவர் ஒருதரம்தான் சொன்னார். எங்கள் குசினியில் ரொட்டி தட்டிக்கொண்டே சொன்னார். என்னைப் பார்க்கவில்லை, மாவைப் பார்த்துச் சொன்னார்.

அவர்கள் ஊரில் கரும்புத் தோட்டத்து வீடுகள் தூண்களின்மேல் நிற்குமாம். மேலே அறை, கீழே திறந்த வெளி. மேலே ஒரு சத்தம் கேட்டால் வரிசை முழுக்கக் கேட்கும். அவருடைய அக்காவின் சத்தமும் அப்படித்தான் கேட்டது, வருடக்கணக்காக.

"கேக்காத ஆள் இல்லை. கேட்ட எல்லாரும் அவரவர் வீட்டிலை இருந்தவை. நானும் எங்கட வீட்டிலை இருந்தனான். பிறகு ஒருநாள் சத்தம் கேக்கேல்லை."

மாவை உருட்டி வைத்தார். அடுத்ததை எடுத்தார்.

"செத்தவீட்டுக்கு எல்லாரும் வந்தினம். பலகை வாங்கில் போட்டு, சுத்தி இருந்து, கோப்பி குடிச்சு, பாட்டுப் பாடி. எங்கட அம்மா எழும்பிக் கேட்டா. இண்டைக்கு இதிலை வந்து இருக்கிறனீங்கள், அவள் உயிரோடை இருக்கேக்கை வந்து இருந்தால் என்ன எண்டு."

அன்றைக்குத்தான் அது தொடங்கியது. கரும்பில் புல் பிடுங்குகிற இந்தியப் பெண்கள், பாண் சுட்டு விற்கிற கறுப்புப் பெண்கள், எல்லாரும் சேர்ந்து பேசி வைத்துக்கொண்டார்கள். இனி எந்த வீட்டிலாவது ஒரு பெண்ணுக்கு அடி விழுகிறது என்று கேட்டால், விடிந்ததும் அவரவர் வாங்கிலைத் தூக்கிக்கொண்டு அந்த வாசலில் போய் இருப்பது. திட்டக் கூடாது. வாசல் படலையைத் தொடக் கூடாது. கைவேலை ஒன்று கொண்டுபோக வேண்டும். போகிற வருகிறவர்கள் ஏன் என்று கேட்டால் உண்மையை ஒரே வசனத்தில் சொல்ல வேண்டும். பகலில்தான் இருக்க வேண்டும், எல்லாருக்கும் தெரியத்தானே இருக்கிறது. முக்கியமாக, அந்தப் பெண்ணைக் கேட்காமல் இருக்கக் கூடாது.

முதன்முதலில் அவர்கள் போய் இருந்த வீட்டுக்காரன் மேலேயிருந்து ஊத்தைத் தண்ணியை ஊற்றினானாம். பெண்கள் வாங்கில்களைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுவிட்டுப் பயறு உடைத்தார்களாம். அவன் கத்தினான், சிரித்தான், காசு தாறன் போங்கோ என்றான். கடைசியில் யன்னலால் எட்டிப் பார்த்தபோது அந்த வரிசையில் அவனைப் பெற்ற தாயே வாங்கிலோடு வந்து இருக்கிறாளாம். அதற்குப் பிறகுதான் கீழே இறங்கி வந்தான்.

"எல்லா இடத்திலையும் வெண்டனீங்களோ அக்கா?" என்று கேட்டேன்.

"இல்லை. ரெண்டு பேரைக் காப்பாத்த முடியேல்லை. ஆனா அவையின்ரை வாசலிலை ஆக்கள் இருந்தவை."

ரொட்டிக் கல்லில் மாவைப் போட்டார். "என்ரை அக்காவின்ரை வாசலிலை ஒருத்தரும் இருக்கேல்லை."

பிறகு அந்தப் பெண்கள் ஒரு சங்கமாகிவிட்டார்கள். அடிவாங்கி ஓடிவந்த ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்பிய பொலிஸ் நிலையத்துக்கு முன்னாலும் போய் இருந்தார்களாம். கடைசியில் அந்த ஊர் ஆட்கள் கூப்பிட்டார்கள் என்று அக்கா இங்கிருந்த வேலையை விட்டுவிட்டு அங்கேயே திரும்பிப் போனார். அது பிந்திய கதை.

இங்கேயும் அவர் சும்மா இருக்கவில்லை. அந்த வருடங்களில்தான் புருசனிடம் அடிபட்டு ஓடிவருகிற பெண்கள் தங்க ஒரு வீட்டை வெள்ளைக்காரப் பெட்டையள் சிலர் சேர்ந்து நடத்தத் தொடங்கியிருந்தார்கள். விலாசம் ஒருவருக்கும் தெரியாது. அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய்த் தைத்துக் கொடுப்பார், சமைத்துக் கொடுப்பார், சண்டையும் பிடிப்பார். "ஒளிச்சு வைக்கிறியள், நல்லது. ஆனா ஒளிக்க வேண்டியது அவளோ? அவன்ரை விலாசமெல்லே ஊருக்குத் தெரிய வேணும்!" என்பார். தன் வீட்டுக் கதவைப் பகலில் அவர் சாத்தியதே இல்லை. கம்பிவலைக் கதவு மட்டும்தான். "அம்மாவுக்குச் சாத்தின கதவு பிடிக்காது" என்பார். அம்மா என்றால் மாரியம்மன்.

இனிச் சுகந்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சுகந்தி யாழ்ப்பாணத்திலிருந்து கலியாணம் செய்து வந்த பிள்ளை. மாப்பிள்ளை எஞ்சினியர். நல்ல உத்தியோகம், புதுச் செங்கல் வீடு. அந்தத் தம்பி தேவாரம் பாடினால் கண்ணீர் வரும். உண்மையாகச் சொல்கிறேன், எனக்கு வந்திருக்கிறது. அந்தப் பிள்ளையை வெள்ளிக்கிழமைகளில் கடைசியாகக் கூட்டிக்கொண்டு வருவார், முதல் ஆளாகக் கூட்டிக்கொண்டு போவார். அனல் அடிக்கிற கோடையிலும் அவளுக்கு முழுக்கைச் சட்டை. நாங்கள் யாராவது பக்கத்தில் போனால் அவரும் பக்கத்தில் வந்து நிற்பார்.

ஆனால் தையல் பழகவென்று கயானா அக்கா வீட்டுக்கு மட்டும் அவளை விட்டார். ஏனென்று அவரே என் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரித்தாராம். "அந்த மனுசிக்குத் தமிழ் தெரியாது அண்ணை. இவளுக்கு இங்கிலீசு வராது. ரெண்டு பேரும் கதைச்சுக் கெட்டுப்போக வழியில்லை."

படித்த மனுசன். கதைத்தால்தான் தெரியும் என்று நினைத்துவிட்டார்.

அக்காவுக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. மெசினின் உச்சியில் நூல்கட்டையைக் கொழுவ அந்தப் பிள்ளையால் கையை உயர்த்த முடியவில்லை. சட்டைக்கு அளவெடுக்க நாடாவைக் கையைச் சுற்றிப் போட்டபோது சுருண்டுபோனாளாம். அக்கா நாடாவைச் சுருட்டி வைத்துவிட்டுக் கதிரைகளைக் காட்டி, அவளைக் காட்டி, உன் வீட்டில் உன் கதிரை எது என்று சைகையால் கேட்டாராம். அவள் நிலத்தைப் பார்த்தாளாம்.

கொஞ்ச நாள் போக, அக்கா பொத்தான் போட்டு வைத்த தகர ரின்னை மேசையில் கவிழ்த்தார். ஒரு நெருப்புப் பெட்டியை நடுவில் வைத்து, அதற்குள் ஒரு சிவப்புப் பொத்தானைப் போட்டு மூடினார். பிறகு பெட்டிக்கு முன்னால் ஒரு கறுப்புப் பொத்தானை வைத்து, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். இது நான், வாசலில் இருக்கட்டுமா என்று அர்த்தம்.

சுகந்தி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாளாம். பிறகு குவியலைக் கிளறி வெள்ளைப் பொத்தான்களாகப் பொறுக்கி, கறுப்புக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாக அடுக்கினாள். அடுக்கி முடித்து, இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டுக் காட்டினாள்.

அக்கா அன்றைக்கே பஸ் ஏறி என்னிடம் வந்தார். வரும்போதே சொல்லிக்கொண்டு வந்தார். "என்னை மட்டும் காணாதாம். உங்களைக் கேக்கிறா. உங்கட வெள்ளிக்கிழமை ஆக்களைக் கேக்கிறா."

எங்கள் வெள்ளிக்கிழமை எப்படி என்று சொன்னால்தான் விளங்கும். அப்போது இங்கே எங்களுக்குக் கோயில் இல்லை. ஒவ்வொரு கிழமையும் ஒரு வீட்டில் முறை வைத்துக் கூடுவோம். ஒரே ஒரு அம்பாள் படம், ஊரிலிருந்து கொண்டுவந்தது. இந்தக் கிழமை எந்த வீட்டில் பிரார்த்தனை நடந்ததோ அந்த வீட்டில் அம்பாள் அந்தக் கிழமை முழுக்க இருப்பார். அடுத்த வெள்ளி அந்த வீட்டுப் பெண் பட்டுத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அம்பாள் உள்ளே வந்தால்தான் விளக்கேற்றலாம். இன்னொரு பழக்கம், எந்த வீட்டிலும் ஆட்களுக்குக் கதிரை காணாது. அதனால் முழங்கால் நோகிற ஆட்களெல்லாம் ஆளுக்கொரு மடக்குக் கதிரையைக் கார் டிக்கியில் போட்டுக்கொண்டு வருவார்கள்.

அந்தக் கிழமை முறை எங்கள் வீடு. அடுத்தது எஞ்சினியர் வீடு.

எங்கள் வீட்டில் பிரார்த்தனை முடிந்து எஞ்சினியர் அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனபிறகு, குசினியில் கோப்பை கழுவிய பெண்களிடம் நான் விசயத்தைப் போட்டேன்.

"ஐயோ பிள்ளை, அது புருசன் பெஞ்சாதி விசயம்" என்றார் மாஸ்ரர் அன்ரி. "வாசலிலை குந்தினால் அக்கம்பக்கத்து வெள்ளைக்காரன் என்ன நினைப்பான்? நாங்கள் இஞ்சை வந்து ஒழுங்கா ரெண்டு வருசமில்லை."

"வெள்ளைக்காரன் நினைக்கிறது இருக்கட்டும் அன்ரி. அம்பாளை நான் மடியிலை வைச்சுக் கொண்டுபோய் அந்த வீட்டுக்குள்ளை இருத்த வேணும். அவ என்ன நினைப்பா?"

குழாய்த் தண்ணி ஓடிக்கொண்டிருந்தது. அன்ரி அதைப் பூட்டினார்.

"அந்தக் கயானாக்காரி என்னட்டையும் ஒருக்கா கேட்டவ, உங்கட கதிரை எது எண்டு" என்றார் மெல்ல.

"என்ன சொன்னியள்?"

"என்னத்தைச் சொல்ல? மேசையைத் துடைச்சன்."

அந்தக் கிழமை நான் வழக்கத்தைவிடக் கூட நேரம் அம்பாளுக்கு முன்னால் இருந்தேன். இந்த வெள்ளிக்கிழமை ஒன்றுதான் எங்களுக்கு இந்த நாட்டில் இருந்தது. இது உடைந்தால் என் பிள்ளைகளுக்கு ஒரு தேவாரமும் தெரியாமல் போகும். ஆனால் அந்தக் கூப்பிய கை, பொத்தானுக்கு மேலே கூப்பிய கை, படத்தைப் பார்க்கும்போதெல்லாம் தெரிந்தது. அவள் எங்களைக் கேட்டு யாரைக் கும்பிட்டாளோ, அந்த அம்பாள் என் வீட்டில் இருக்கிறாள். நான் வேறு யாரிடம் போய்க் கேட்பது?

வெள்ளிக்கிழமை வந்தது. நல்ல கோடை. எட்டரை மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும். காரில் அம்பாளை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். சந்தியில் இவர் காரை மெதுவாக்கினார்.

"யோசிச்சுத்தான் செய்யிறீரோ?"

"யோசிச்சால் செய்யமாட்டன். நீங்கள் காரை ஓடுங்கோ."

அவர் ஓடினார்.

எஞ்சினியர் வீட்டு வாசலில், வீதியோரப் புல்லில், அக்கா ஏற்கெனவே தன் பச்சை வெள்ளைப் பட்டி போட்ட மடக்குக் கதிரையைப் போட்டுக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தார். நான் இறங்கினேன். இவர் டிக்கியைத் திறந்து எங்கள் கதிரைகளை எடுத்து விரித்தார். நேராகப் போட்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார். அடுத்தடுத்துக் கார்கள் வந்தன. இறங்கிய சிலர் எங்களைக் கண்டதும் திரும்பி ஏறிப் போனார்கள். சிலர் நின்றார்கள். மாஸ்ரர் அன்ரி தன் கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். பின்னால் அங்கிள் தாளத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "எங்கை போறீர்? வீடு அங்காலை" என்றபடி வந்தார். அன்ரி கதிரையைப் புல்லில் விரித்து இருந்தார்.

"அம்பாளுக்கு எங்கை இடம்?" என்று நான் கேட்டேன்.

அக்கா எழுந்தார். தன் கதிரையைத் துடைத்து நடுவில் வைத்தார். நான் பட்டுத் துணியைப் பிரித்து அம்பாளை அதில் இருத்தினேன். அக்கா பக்கத்தில் புல்லில் காலை நீட்டி இருந்துகொண்டு தையலை எடுத்தார்.

கதவு திறந்தது. எஞ்சினியர் வேட்டியும் விபூதியுமாக, சிரித்த முகத்தோடு வந்தார். "வாங்கோ, வாங்கோ! ஏன் வெளியிலை நிக்கிறியள்? உள்ளை எல்லாம் ஆயத்தம்."

அக்கா சொன்னது ஞாபகம் வந்தது. ஒரே வசனம்.

"பெஞ்சாதிக்கு அடிக்கிற வீட்டுக்குள்ளை அம்பாள் வரமாட்டா தம்பி."

அந்தச் சிரிப்பு அப்படியே முகத்தில் காய்ந்தது. "ஆர் சொன்னது? அவளோ? அவளுக்கு வாயில்லை!"

"வாயில்லை எண்டு நீங்கள்தான் நினைச்சனீங்கள்."

"மாஸ்ரர்! நீங்கள் படிச்ச மனுசன், நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோ இவைக்கு!"

மாஸ்ரர் அங்கிள் அவரைப் பார்த்தார். புல்லில் இருந்த தன் மனைவியைப் பார்த்தார். "நான் என்னத்தைத் தம்பி சொல்லுறது" என்றார். "அவ இருந்திட்டா." அவரும் கதிரையை விரித்தார்.

அடுத்த வீட்டில் பூவுக்குத் தண்ணி விட்டுக்கொண்டிருந்த வெள்ளைக்காரக் கிழவி குழாயை நிற்பாட்டிவிட்டு வேலிக்கு வந்தார். என்ன விசயம் என்று கேட்டார். அக்கா நிமிராமலே சொன்னார். "இந்த வீட்டிலை ஒரு பிள்ளைக்கு அடி விழுது. அதுதான் இருக்கிறம்." கிழவி எஞ்சினியரை ஒருதரம் பார்த்தார். "எனக்கு ஒவ்வொரு நாளும் கேக்கும்" என்றார். போகவில்லை. வேலியில் கையை ஊன்றிக்கொண்டு அங்கேயே நின்றார்.

எஞ்சினியர் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு உள்ளே போனார். கதவுக்குப் பின்னால் இனி அந்தப் பிள்ளைக்கு என்ன நடக்கும்? அக்காவின் தையல் கை நின்றுவிட்டது. முதல் தடவையாக அவர் பயந்ததை நான் கண்டேன். "பாடுங்கோ" என்றார் எங்களிடம். "நாங்கள் போகேல்லை எண்டு அவளுக்குக் கேக்க வேணும். அவனுக்கும் கேக்க வேணும். பாடுங்கோ!"

எங்களில் நன்றாகப் பாடுகிறவர் உள்ளே இருந்தார். வெளியே இருந்தவர்களுக்குச் சுருதி சேரவில்லை. பாடினோம். வீதியில் போன கார்கள் மெதுவாகிப் போயின. மாஸ்ரர் அங்கிளின் தாளம் முந்தியும் பிந்தியும் விழுந்தது. அக்காவும் பாடினார், எங்கள் தேவாரத்துக்கு மேலாலே அவருடைய மாரியம்மன் பாட்டை. ஒருவரும் நிறுத்தச் சொல்லவில்லை.

மூன்றாம் தேவாரத்தின் நடுவில் கதவு திறந்தது.

சுகந்தி. முழுக்கைச் சட்டையின் கையை முழங்கைக்கு மேலே சுருட்டி விட்டிருந்தாள். எல்லாருக்கும் தெரிந்தது. இரண்டு கையாலும் ஒரு சாப்பாட்டு மேசைக் கதிரையைத் தூக்கியிருந்தாள், கனத்த மரக் கதிரை. ஒரு கை சரியாக உயராததால் அது அவள் காலில் இடித்து இடித்து வந்தது. என் வீட்டுக்காரர் உதவிக்கு எழும்பினார். அக்கா கையைக் காட்டி அவரை இருத்தினார்.

பின்னால் எஞ்சினியர் வாசலுக்கு வந்தார். கிழவியைக் கண்டார், எங்களைக் கண்டார். படிக்கு இந்தப் பக்கம் வரவில்லை. அங்கே நின்று கத்தினார்.

"கதிரையை உள்ளை கொண்டு வா! அது செற்! ஆறு கதிரையும் ஒரு செற்!"

அவள் புல்லுக்கு வந்துவிட்டாள். அம்பாளுக்குப் பக்கத்தில் கதிரையை இறக்கினாள். அவள் குரலை நாங்கள் சரியாகக் கேட்டது அன்றைக்குத்தான். மூச்சு வாங்கியது.

"ஆறிலை ஒண்டு என்ரை."

அக்காவுக்கு அந்தத் தமிழ் விளங்கியிருக்காது. புல்லிலிருந்து எழும்பி, அந்தக் கதிரையை வீட்டைப் பார்த்துத் திருப்பி நேராக வைத்தார். தனக்குத் தெரிந்த ஒரே சொல்லைச் சொன்னார்.

"இருங்கோ."

சுகந்தி இருந்தாள்.

அன்றைக்கு அந்தக் கதிரையும் அவளும் எங்கள் காரில் வந்தார்கள். கதிரை டிக்கியில் மூடாமல் ஆடியது. அம்பாள் அவள் மடியில். பிறகு நடந்தது சுகமில்லை. எங்கள் வெள்ளிக்கிழமை இரண்டாகப் பிரிந்தது. எனக்கு முகம் கொடுக்காதவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். எஞ்சினியர் ஆட்களை அனுப்பினார், தானும் வந்தார். அப்போதெல்லாம் எங்கள் வாசலில் அக்காவின் பச்சை வெள்ளைக் கதிரை இருந்தது, அதில் அக்கா இருந்தார்.

குளிர்காலம் முடிய, ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை கிடைத்துச் சுகந்தி ஒரு அறை எடுத்தாள். முறைப்படி அம்பாளை அவள் வீட்டுக்கு நான்தான் ஏந்திக்கொண்டு போனேன், வாசலைத் தாண்டி உள்ளே. மிஞ்சியிருந்த எங்களாட்கள் மடக்குக் கதிரைகளோடு பின்னால் வந்தார்கள். அக்கா சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து, வழக்கம் போல அறையைச் சுற்றிப் பார்த்தார்.

அன்றைக்கு அவர் ஒன்றும் கேட்கவில்லை. அந்த அறையில் இருந்தது ஒரே ஒரு கதிரை.